பட்டன் போன்: வாங்குவது முதல் தொலைப்பது வரை

பட்டன் போன் பேசுவதற்கு மட்டும்தான், அதில் திருட என்ன இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். திருடுகிறவனுக்குப் போன் தேவையில்லை, உள்ளே இருக்கும் சிம் போதும். வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் இணைப்பு, ஓய்வூதியம் என்று எல்லாமே அந்தப் பத்து இலக்க எண்ணோடு கட்டிப்போடப்பட்டிருக்கின்றன. ஓடிபி வருவதற்கு ஸ்மார்ட்போன் வேண்டியதில்லை. ஆயிரம் ரூபாய் போனுக்கும் வரும், அந்த நேரம் போன் யார் கையில் இருக்கிறதோ அவர் கண்ணுக்குத் தெரியும். அதனால் கீழே கைபேசியைப் பற்றிச் சொல்லும் அளவுக்குச் சிம்மைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. தனக்கென்று வாங்குகிறவருக்கும், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கிறவருக்கும் சேர்த்தே எழுதியது இது.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தக் கம்பெனி சிம் போடப்போகிறீர்கள் என்பதை. சாதாரண பட்டன் போன்கள் 2ஜி. ஏர்டெல், வோடஃபோன் ஐடியா சிம்கள் அதில் வேலை செய்யும். ஜியோவுக்கு 2ஜி டவரே கிடையாது; அந்த சிம்மைச் சாதாரண 2ஜி போனில் போட்டால் சிக்னல் கோடு ஒன்றுகூட வராது. 4ஜி வழியாகவே பேச உதவும் வோல்ட்டி வசதி உள்ள பட்டன் போன்தான் வேண்டும். போன் வாங்கி வீட்டுக்குப் போன பிறகு இது தெரியவந்து கடைக்குத் திரும்பி வருகிறவர்கள் ஏராளம். பெட்டியின் மேல் 4ஜி என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு நிறுத்தாமல், உங்கள் சிம்மையே கடையில் போட்டு ஒரு அழைப்பு பேசிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஐஎம்இஐ எண், அதாவது போனின் அடையாள எண். *#06# அழுத்தினால் 15 இலக்க எண் திரையில் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள். பெட்டியில் ஒட்டியிருப்பதும் பேட்டரிக்கு அடியில் ஒட்டியிருப்பதும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் போன் வாங்கும்போது இதை விட்டுவிடவே கூடாது. கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஒரு இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணையும் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண் செல்லுமா, தடை செய்யப்பட்டதா என்று பதில் வரும். எண்ணை பில்லில் எழுதச் சொல்லி வாங்குங்கள். அதை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். போன் தொலைந்த பிறகு *#06# அழுத்த எதுவும் இருக்காது.

பெயர் தெரியாத பிராண்டு 200 ரூபாய் குறைவு என்றால் தவிர்ப்பது நல்லது. 2021இல் ரஷ்யச் சந்தையில் விற்ற சில மலிவு பட்டன் போன்களைச் சோதித்தபோது, வாங்கியவருக்குத் தெரியாமலேயே அவை எஸ்எம்எஸ் அனுப்புவது தெரியவந்தது. நீங்கள் போடாத மென்பொருளைத் தயாரிப்பாளரே உள்ளே வைத்து அனுப்பினால், பட்டன் போன் என்பது பாதுகாப்பு ஆகிவிடாது. ரீசார்ஜ் செய்த பணம் காரணமில்லாமல் கரைகிறது என்றால் இதையும் சந்தேகப்படலாம்.

ரீசார்ஜ்: டேட்டாவுக்கு ஏன் காசு?

பட்டன் போனுக்கு நாளொன்றுக்கு ஒரு ஜிபி டேட்டா உள்ள திட்டத்தைப் போட்டுவிடுவது கடைக்காரருக்குப் பழக்கமாகிவிட்டது. 2024 டிசம்பரில் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கொண்டுவந்த விதித் திருத்தப்படி, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டத்தை ஒவ்வொரு நிறுவனமும் கொடுத்தாக வேண்டும். இந்தச் சிறப்புத் திட்டங்களின் செல்லுபடிக் காலமும் 365 நாள் வரை போகலாம். “வாய்ஸ் ஒன்லி பிளான்” என்று கேளுங்கள். பல நேரம் கடையில் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

திட்டம் முடியும் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வைப்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பல மாதம் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்குப் புது எண்ணாக விற்கப்படும். வங்கிக் கணக்கில் அந்த எண்ணே இருந்தால் உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். எண்ணை விட முடிவு செய்தால் முதலில் வங்கியிலும் ஆதாரிலும் புது எண்ணைப் பதிந்துவிட்டுப் பிறகு விடுங்கள்.

பாட்டு, ஜோசியம், கிரிக்கெட் ஸ்கோர் என்று ஏதோ ஒன்று கைதவறி அழுத்தியதில் ஆரம்பித்து நாள்தோறும் பணம் பிடிக்கிறதா? ஆங்கிலத்தில் ஸ்டாப் என்று தட்டி 155223க்கு அனுப்பினால் நிறுத்தலாம். இன்டர்நெட் பொத்தான் அழுந்தி டேட்டா ஓடுகிறதென்றால் அதே ஸ்டாப் என்ற சொல்லை 1925க்கு அனுப்ப வேண்டும்.

வாங்கி வந்த அன்றே

மொழியைத் தமிழுக்கு மாற்றுவது, எழுத்தைப் பெரிதாக்குவது, தேதி நேரம் சரிசெய்வது எல்லாம் அமைப்புகள் பகுதியில் ஐந்து நிமிட வேலை. வயதானவர் கையில் கொடுக்கும் போன் என்றால் அதற்கு மேலும் சில வேலைகள் உண்டு.

தானாகப் பூட்டும் வசதியை 30 விநாடிக்கு வையுங்கள். மடியில் செருகிய போன் தானாக யாருக்கோ போன் போடுவது இதில் நிற்கும். நோக்கியா போன்களில் திறக்க நடுப் பொத்தானை அழுத்தி உடனே நட்சத்திரம். இதை ஒரு முறை காட்டினால் போதாது, அவர் கையாலேயே பத்துத் தடவை செய்ய விடுங்கள்.

“போன் அடிக்கவே இல்லை” என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் # பொத்தான் இருக்கும். பல மாடல்களில் அதை நீளமாக அழுத்தினால் சைலன்ட் ஆகிவிடும்; இன்னொரு முறை நீளமாக அழுத்தினால் திரும்பிவிடும். “அம்மா போன் ஸ்விட்ச் ஆஃப்” என்று வந்தால் அது சிவப்புப் பொத்தானின் வேலையாக இருக்கலாம். பேசி முடித்ததும் அதை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் போன் அணைந்துவிடும். தொட்டு எடுத்தால் போதும் என்று சொல்லிக் கொடுங்கள்.

வேகமாக அழைக்கும் வசதியில் 2 முதல் 9 வரை ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு எண் வைக்கலாம். நீளமாக அழுத்தினால் அழைப்பு போகும். ஆனால் 5, 9 இரண்டையும் விட்டுவிடுங்கள். 2016இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 2017 முதல் இங்கே விற்கும் பட்டன் போன்களில் 5 அல்லது 9ஐ நீளமாக அழுத்தினால் 112க்கு அவசர அழைப்பு போக வேண்டும். உங்கள் போனில் இரண்டில் எது என்று பெட்டியோடு வரும் காகிதத்தில் இருக்கும். விளையாட்டாக அழுத்திச் சோதிக்காதீர்கள், எதிர்முனையில் உண்மையாகவே ஆள் எடுப்பார். பொத்தான்கள் பூட்டியிருந்தாலும் 112ஐ நேரடியாகத் தட்டி அழைக்கலாம். தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸுக்கு 108.

பெயர்களைப் பதியும்போது சிம்மிலா போனிலா என்று கேட்கும். சிம்மில் பதிந்தால் வேறு போனுக்கு மாறும்போது கூடவே வரும், ஆனால் பெரும்பாலும் 250 பெயர்தான் கொள்ளும். தமிழில் பெயர் வைத்தால் நீளம் இன்னும் குறையும், பாதியில் வெட்டிவிடும். முக்கியமான இருபது பேரைச் சிம்மிலும் மற்றவர்களைப் போனிலும் வைப்பது எங்கள் யோசனை. அந்த இருபதையும் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வைத்துவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணை + குறியோடு பதியுங்கள். 0ஐ நீளமாக அழுத்தினால் + வரும்.

ஒரு கெட்ட பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஏடிஎம் ரகசிய எண்ணை ஏதோ ஒரு பெயரில் போன் நம்பர் மாதிரிப் பதிந்து வைப்பவர்கள் நிறையப் பேர். போனை எடுத்தவன் முதலில் தேடுவது அதைத்தான்.

சிம்முக்குப் பூட்டு

போனுக்கு லாக் போட்டாலும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் வேலை முடிந்தது, ஓடிபி அங்கே வரும். இதைத் தடுப்பது சிம் பின். அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குள் ‘பின் கோரிக்கை’ என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். அதை இயக்கினால் போனை அணைத்து ஏற்றும்போதெல்லாம், அல்லது சிம்மை வேறு போனில் போடும்போதெல்லாம், நான்கிலக்க எண்ணைக் கேட்கும்.

இயக்குவதற்குப் பழைய பின் தெரிந்திருக்க வேண்டும். 0000, 1234 என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஊகித்துப் போட்டுப் பார்க்காமல் வாடிக்கையாளர் சேவையில் கேட்டுவிடுங்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும், திறக்க எட்டு இலக்க பக் எண் வேண்டும். அது சிம் வந்த அட்டையின் பின்னால் அச்சிட்டிருக்கும், இல்லையென்றால் நிறுவனத்திடம் கேட்டு வாங்கலாம். பக் எண்ணையும் பத்து முறை தவறாகப் போட்டால் அந்த சிம் செத்துவிடும், புது சிம்தான். பழைய பின்னை மாற்ற மெனுவில் தேட முடியவில்லை என்றால் **04*பழையது*புதியது*புதியது# என்று தட்டுங்கள்.

எல்லோருக்கும் இது வேண்டுமா? போனைக் கீழே போட்டுப் பேட்டரி கழன்று, திரும்பப் போட்டதும் பின் கேட்டு, மறந்துபோய் நாள் முழுக்க அழைப்பே வராமல் இருக்கும் பெரியவருக்கு இது பாரம்தான். தனியாக இருக்கும், ஞாபகம் தடுமாறும் ஒருவருக்கு நாங்கள் இதைப் போட மாட்டோம். அவர் வங்கிக் கணக்கில் பிள்ளையின் எண்ணைப் பதிந்துவிட்டு, கையில் இருக்கும் சிம்மில் ஓடிபியே வராமல் செய்வது அதைவிடப் பாதுகாப்பு. வெளியே அலைகிற, பஸ்ஸில் போகிற, சந்தையில் நிற்கிற ஆளுக்கு சிம் பின் கட்டாயம் வேண்டும்.

எஸ்எம்எஸ்

ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து இடம். தமிழில் தட்டினால் 70 மட்டுமே. அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும்: ‘வணக்கம்’ கண்ணுக்கு ஐந்தெழுத்து, கணக்கில் ஏழு. 70ஐத் தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் கட்டணம். எழுதும்போது மேல் ஓரத்தில் ஒரு எண் குறைந்துகொண்டே வருவதைப் பார்க்கலாம், அதுதான் மீதி இடம். எதிரே இருப்பவர் போனில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் அவருக்கு வெறும் கட்டங்களாகத் தெரியும். அவசரச் செய்தியை அப்படி அனுப்பாதீர்கள்.

வந்த செய்தி நிஜமா என்று பார்க்க அனுப்பியவர் பெயரைப் படியுங்கள். வங்கியோ அரசோ அனுப்புவது பத்து இலக்க எண்ணிலிருந்து வராது. இரண்டு எழுத்து, ஒரு சிறு கோடு, நிறுவனத்தின் சுருக்கப் பெயர், மறுபடி கோடு, கடைசியில் ஒரு எழுத்து என்ற வடிவில் இருக்கும். கடைசி எழுத்து பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பணப் பரிமாற்றம் போன்றது, ஜி என்றால் அரசு. “மின்கட்டணம் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழைக்கவும்” என்று சாதாரண செல் எண்ணிலிருந்து வந்தால் அது மோசடி. சந்தேகம் தீரவில்லையென்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்குப் பேசுங்கள், செய்தியில் வந்த எண்ணுக்குப் பேசாதீர்கள்.

இன்பாக்ஸ் நிறைந்துவிட்டால் பல பட்டன் போன்களில் புதுச் செய்தி உள்ளேயே வராது. ஓடிபி வரவில்லை என்று வங்கியைத் திட்டுவதற்கு முன் திரையின் மேலே உறை மாதிரிச் சின்னம் மின்னுகிறதா என்று பாருங்கள். பழைய விளம்பரங்களை அழித்தால் நின்றிருந்தது வந்து விழும்.

பேட்டரி, சார்ஜர்

பட்டன் போனின் பெரிய வசதி பேட்டரியைக் கழற்ற முடிவது. பெரிய ஆபத்தும் அதிலேதான்: எந்தப் பெட்டிக்கடைப் பேட்டரியையும் உள்ளே திணித்துவிடலாம்.

பெரும்பாலான போன்களில் இருப்பது நோக்கியாவின் பிஎல்-5சி அளவுப் பேட்டரி, அல்லது அதன் உறவுக்காரன். 3.7 வோல்ட், சுமார் 1000 எம்ஏஎச். அதே அளவுப் பெட்டிக்குள் 3000 எம்ஏஎச் என்று அச்சடித்து விற்பது பச்சைப் பொய். அவ்வளவு மின்சாரம் அடைக்க அதில் இடமே இல்லை. இந்திய தரநிலை முத்திரையும், அதன் கீழே ஆங்கில ஆர் எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் பேட்டரியிலும் சார்ஜரிலும் இருக்க வேண்டும். அசல் பேட்டரியிலேயே தவறு நடந்ததுண்டு. 2007 ஆகஸ்டில், ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் தயாரித்த 4.6 கோடி பிஎல்-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்று நோக்கியாவே அறிவித்து மாற்றிக் கொடுத்தது. நல்ல தொழிற்சாலையிலேயே நழுவுகிற விஷயம் என்றால் பெயரில்லாப் பேட்டரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சார்ஜர் 5 வோல்ட், அரை ஆம்பியர் போதும். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும். வீட்டில் இருக்கும் ஸ்மார்ட்போன் சார்ஜரை மாட்டலாமா என்று கேட்பார்கள். நல்ல கம்பெனி சார்ஜர் என்றால் மாட்டலாம், போன் தனக்குத் தேவையானதை மட்டும் இழுத்துக்கொள்ளும். பயப்பட வேண்டியது ஐம்பது ரூபாய் சார்ஜருக்கு. அதற்குள் 230 வோல்ட் பக்கத்தையும் 5 வோல்ட் பக்கத்தையும் பிரிக்கும் காப்பு சரியாக இருக்காது. அது உடைந்தால் வீட்டு மின்சாரம் நேராகக் காதுக்கு வரும். சார்ஜில் போட்டபடியே பேசக்கூடாது என்று சொல்வது இதனால்தான். இடி மின்னலின்போதும் ஒயரைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள். செல்போன் மின்னலை இழுக்கும் என்பது சும்மா. மின்கம்பி வழியாக வரும் பாய்ச்சல்தான் ஆபத்து.

பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பார்க்க மேஜை மேல் வைத்துச் சுழற்றுங்கள். தட்டையானது சுற்றாது. பம்பரமாகச் சுற்றினால் நடு உப்பிவிட்டது, அன்றே மாற்றுங்கள். குத்திக் காற்றை எடுப்பது, அமுக்கி மூடியைப் போடுவது இரண்டும் தீயில் முடியும். வெயில் படும் ஜன்னல், பைக் டேங்க் கவர், தலையணைக்கு அடி: இந்த மூன்று இடத்திலும் போனை வைக்கக் கூடாது, முக்கியமாகச் சார்ஜ் ஏறும்போது. உபயோகிக்காத போனைப் பாதி சார்ஜோடு பேட்டரியைக் கழற்றி வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள். முழுக்க வடிந்து மாதக்கணக்கில் கிடந்த பேட்டரி பிறகு சார்ஜே ஏற்காது.

ஒரு நாளிலேயே சார்ஜ் தீர்கிறதென்றால் பேட்டரியைக் குறை சொல்லும் முன் சிக்னலைப் பாருங்கள். டவர் தூரமானால் போன் கத்திப் பேசுகிற மாதிரி அதிகச் சக்தியில் அலையை அனுப்பும். 900 மெகாஹெர்ட்ஸில் 2ஜி போன் உச்சத்தில் 2 வாட் வரை போகும். போன் சூடாவதும் அதனால்தான். வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்தாலே வித்தியாசம் தெரியும். இரண்டாவது சிம் இடம் காலியாக இருந்தால் அதை அமைப்பில் அணைத்துவிடுங்கள், வீணாகத் தேடிக்கொண்டிருக்காது. இதய பேஸ்மேக்கர் வைத்தவர்கள் சட்டைப் பையில் போன் வைக்காமல் 15 சென்டிமீட்டராவது தள்ளி வைத்து, மறுபக்கக் காதில் பேச வேண்டும்.

தண்ணீரில் விழுந்தால் ஓடுகிறதா என்று பொத்தானை அழுத்திப் பார்ப்பதுதான் போனைக் கொல்லும். உடனே பேட்டரியைக் கழற்றுங்கள், சிம்மையும் எடுங்கள், உதறித் துடைத்து மின்விசிறிக் காற்றில் ஒன்றிரண்டு நாள் விடுங்கள். அரிசிப் பானைக்குள் புதைப்பதால் பெரிய பயனில்லை, மாவுத்தூள்தான் ஓட்டைகளில் அடையும். கடல் நீரோ சோப்புத் தண்ணீரோ என்றால் காத்திருக்காமல் கடைக்குக் கொண்டுபோங்கள். உப்பு உள்ளே அரிக்க ஆரம்பித்துவிடும். “சிம்மைச் செருகவும்” என்று அடிக்கடி வருகிறதா? சிம்மின் மஞ்சள் தகட்டைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துப் போடுங்கள்.

அழைப்பில் வரும் மோசடி

பட்டன் போன்காரரை ஏமாற்ற லிங்க் தேவையில்லை, குரல் போதும். வடிவங்கள் மாறினாலும் உள்ளே இருப்பது மூன்றுதான்: பயமுறுத்துவது, அவசரப்படுத்துவது, எண் கேட்பது.

“டிராயிலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும், விவரத்துக்கு 9ஐ அழுத்துங்கள்” என்று ஒரு பதிவுக் குரல் வரும். டிராய் தனிநபர் யாருடைய எண்ணையும் துண்டிப்பதில்லை, அதற்காக அழைப்பதும் இல்லை. அழுத்தினால் ‘போலீஸ் அதிகாரி’ ஒருவர் வருவார், உங்கள் ஆதாரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது என்பார், போனை வைக்கக் கூடாது என்பார். போனில் கைது செய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை. வைத்துவிடலாம். பெரியவர்களுக்கு இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுங்கள்: “என் பையன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்.” சொல்லிவிட்டு உடனே துண்டிக்க வேண்டும், பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது.

அழைக்கும் எண்ணே கொஞ்சம் சொல்லும். 140இல் தொடங்கினால் விளம்பரம். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கணக்கு சம்பந்தமாக அழைக்க 1600இல் தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பத்து இலக்க செல் எண்ணிலிருந்து “பேங்க் மேனேஜர்” பேசினால் மேனேஜர் இல்லை. தெரியாத நாட்டுக் குறியோடு ஒரே மணி அடித்து நிற்கும் மிஸ்டு காலைத் திருப்பி அழைக்காதீர்கள். நிமிடத்துக்குப் பெரும் கட்டணம் பிடிக்கும் எண்ணாக இருக்கலாம். விளம்பர அழைப்பை முழுதாக நிறுத்த ஸ்டார்ட் என்ற ஆங்கிலச் சொல், இடைவெளி, பூஜ்யம் என்று தட்டி 1909க்கு அனுப்புங்கள்.

இன்னொரு தந்திரம் பட்டன் போனுக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். கூரியர்காரர் போலப் பேசி, *401* என்று தொடங்கி ஒரு எண்ணை டயல் செய்யச் சொல்வார்கள். டயல் செய்தால் உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அவர்கள் எண்ணுக்குத் திரும்பிவிடும், குரலில் வரும் ஓடிபியும் சேர்த்து. 2024 ஏப்ரல் 15 முதல் இப்படி யூஎஸ்எஸ்டி (*, # சேர்த்து டயல் செய்யும் குறியீடு) வழியாக அழைப்பைத் திருப்புவதை நிறுத்தி வைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. என்றாலும் மெனு வழியாகத் திருப்பிவிட முடியும். போனை யாரிடமாவது சில மணி நேரம் கொடுத்து வாங்கியிருந்தால் அழைப்பு அமைப்பில் ‘திசைதிருப்பல்’ பகுதியைத் திறந்து எல்லாம் ரத்து என்று கொடுங்கள். ஏர்டெல், வோடஃபோன் ஐடியா எண்களில் ##002# தட்டினாலும் ரத்தாகும்.

இணையம் இல்லாமல் பணம் அனுப்ப

*99# என்ற வசதி பல வருடமாக இருக்கிறது, கடைத்தெருவில் பலருக்குத் தெரியாது. ஒரு செலவுமில்லை. ஆனால் யூஎஸ்எஸ்டியில் ஓடுவது என்பதால் ஜியோ சிம்மில் நடக்காது. வங்கியில் பதிந்த அதே எண், அதே சிம் வேண்டும். முதல் முறைக்கு மட்டும் ஏடிஎம் கார்டு கையில் இருக்கட்டும்.

*99# அழைத்தால் மொழி கேட்கும், பிறகு வங்கி. வங்கியின் சுருக்கப் பெயரையோ ஐஎஃப்எஸ்சி என்ற வங்கிக் கிளைக் குறியீட்டின் முதல் நான்கு எழுத்தையோ கொடுங்கள். கணக்கு தெரியும், அதைத் தேர்ந்தெடுங்கள். கார்டின் கடைசி ஆறு இலக்கத்தையும் காலாவதி மாதம் வருடத்தையும் கேட்கும். கடைசியாக யூபிஐ பின் ஒன்றை நீங்களே வைக்க வேண்டும். ஏடிஎம் பின்னையே இதற்கும் வைக்காதீர்கள்.

அனுப்பும்போது 1, பெறுபவரின் செல் எண், திரையில் வரும் பெயர், தொகை, பின். அந்தப் பெயர் வரும் இடத்தில் நின்று படியுங்கள். ஒரு இலக்கம் தவறியிருந்தால் தப்பிக்க அதுதான் கடைசி வாய்ப்பு. ஒருமுறைக்கு 5000 ரூபாய் வரை அனுப்பலாம். தட்டும் பின் திரையில் அப்படியே தெரியும் என்பதால் கடை வாசலில் போனைச் சாய்த்துப் பிடியுங்கள். நடுவில் தொடர்பு அறுந்துபோவது சகஜம். உடனே மறுபடி அனுப்பாமல் 3ஐ அழுத்தி இருப்பைப் பாருங்கள், பலருக்கு இரட்டைப் பணம் போவது இங்கேதான். உங்களுக்குப் பணம் வர யூபிஐ பின்னைப் போடச் சொன்னால் பணம் போகப்போகிறது என்று அர்த்தம்.

குரல் வழியாக எண்ணை அழுத்திப் பணம் அனுப்பும் யூபிஐ 123பே 2022 மார்ச் 8 அன்று தொடங்கப்பட்டது. அதற்கான எண்ணை வங்கிக் கிளையில் நேரில் கேட்டு வாங்குங்கள். யாரோ போன் செய்து சொன்ன எண்ணில் செய்யாதீர்கள். இருப்பு மட்டும் தெரிந்தால் போதும் என்றால் மிஸ்டு கால் இருக்கிறது. ஸ்டேட் வங்கிக்கு 92237 66666. முதலில் கணக்கைப் பதிவு செய்ய ரெக் என்பதன் மூன்று ஆங்கில எழுத்து, இடைவெளி, கணக்கு எண் என்று தட்டி 92234 88888க்கு ஒருமுறை அனுப்ப வேண்டும்.

மோசடியில் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. வெட்கப்பட்டு இரவு முழுக்க யோசிப்பதில் போகும் நேரத்தில் பணம் நான்கு கணக்கு தாண்டிவிடும். அழைக்கும்போது தொகை, நேரம், பரிமாற்ற எண் மூன்றும் கையில் இருக்கட்டும். வங்கி அனுப்பிய எஸ்எம்எஸ்ஸில் எல்லாம் இருக்கும், அதை அழிக்காதீர்கள். வங்கியிலும் உடனே புகார் கொடுத்துப் புகார் எண்ணை வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் நடந்த திருட்டை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நஷ்டம் உங்களுடையது அல்ல. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் புகார் கொடுக்கும் நிமிடம் வரைக்குமான நஷ்டம் உங்கள் தலையில்தான்.

தொலைந்துவிட்டால்

முதலில் அந்த எண்ணுக்கு அழையுங்கள், சோபா இடுக்கிலிருந்து அடிக்கலாம். எடுக்கவில்லையென்றால் வரிசை இது: சிம்மை நிறுத்தச் சொல்லி வாடிக்கையாளர் சேவைக்கு வேறு போனிலிருந்து அழைப்பு, வங்கிக்கு அழைப்பு, காவல் நிலையத்தில் புகார், அடையாள அட்டையோடு நிறுவனக் கடையில் அதே எண்ணுக்கு மாற்று சிம். மாற்று சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. மோசடியைத் தடுக்க வைத்த விதி அது, சிம் பழுது இல்லை.

எஸ்எம்எஸ் வரத் தொடங்கியதும் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் போனையே முடக்கலாம். ஐஎம்இஐ எண், புகார் நகல், பில், அடையாள அட்டை வேண்டும். இ-சேவை மையத்திலோ பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனிலோ செய்துகொள்ளுங்கள். முடக்கிய போன் இந்தியாவில் எந்த சிம் போட்டாலும் இயங்காது, சிம் போட்டவுடன் அது காவல்துறைக்குத் தெரியவரும். பதிவு செய்ததும் கிடைக்கும் கோரிக்கை எண்ணைப் பத்திரமாக வையுங்கள். போன் திரும்பக் கிடைத்தால் அதே தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்துத்தான் தடையை நீக்க முடியும். நீக்காமல் சிம் போட்டுவிட்டு டவர் வரவில்லை என்று போனை ரிப்பேருக்குக் கொடுத்துப் பயனில்லை.